காதின் நோயைக் கண் சொல்லும், தெரியுமா?

இந்தப் பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வேகமாக இடமும் வலமுமாக ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலங்கிப்போகிறதா? இப்போது பக்கத்தை அசையாமல் வைத்துவிட்டு, அதே வேகத்தில் தலையை மட்டும் ஆட்டியபடி படியுங்கள். படிக்க முடிகிறது! கண்ணுக்கும் காகிதத்துக்கும் இடையில் நடக்கும் ஆட்டம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் தலை ஆடும்போது காது முந்திக்கொண்டு கண்ணுக்குச் சேதி அனுப்பிவிடுகிறது. தலை வலப்பக்கம் திரும்பினால் கண்ணை இடப்பக்கம் நகர்த்துகிறது. ஒரு நொடியை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இந்த வேலை தொடங்கிவிடுகிறது. நம் உடம்பில் தானாக நடக்கும் செயல்களில் இதைவிட வேகமானதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

கேட்பதற்கு மட்டும்தான் காது என்று நினைத்திருந்தீர்களா? நிற்பதும் நடப்பதும் ஓடும் பஸ்ஸில் சமாளித்து நிற்பதும்கூடக் காதின் தயவில்தான்!

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றபோது தெருவே சுற்றியதே, ஏன் தெரியுமா? ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அறையின் மூலையில் தரையும் இரண்டு சுவர்களும் சந்திப்பதுபோல அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. உள்ளே தண்ணீர் போன்ற ஒரு திரவம். நாம் சுற்றத் தொடங்கியதும் குழல் நம்மோடு சுற்றும், திரவம் பின்தங்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் சேர்ந்துகொள்ளும். சட்டென்று நாம் நின்றாலும் அது நிற்காது. குடத்தைச் சுழற்றி நிறுத்தினால் உள்ளே தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்குமே, அதுபோல. இன்னும் சுற்றுவதாகக் காது சொல்கிறது, கண்ணும் அதை நம்பி ஒரு பக்கமாக நழுவுகிறது, உடனே வெட்டித் திரும்புகிறது, மறுபடி நழுவுகிறது. உள்காது எலும்புக்குள் புதைந்து கிடப்பதால் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அதற்குள் நடப்பதை இந்தக் கண் துடிப்பு வெளியே வந்து சொல்லிவிடுகிறது!

இதைப் பிடித்தவர் ராபர்ட் பாரனி, வியன்னாவின் இளம் காது மருத்துவர். காதில் தண்ணீர் பீச்சிக் கழுவும்போது பலர் தலை சுற்றுகிறது என்று முறையிட்டார்கள். அவர்கள் கண்ணைக் கவனித்தார், துடித்தது. தண்ணீர் சில்லென்று இருந்ததால்தான் சுற்றியது என்று ஒரு நோயாளி சொன்னார். அடுத்த முறை வெந்நீர் வந்தது, சூடு கொஞ்சம் கூடிப்போயிற்று. மறுபடியும் தலை சுற்றியது. ஆனால் கண் இப்போது எதிர்ப்பக்கமாகத் துடித்தது! சூடான நீர் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும் என்பது வெந்நீர் அண்டாவைக் கவனித்த யாருக்கும் தெரியும். காதுக்குள் இருக்கும் அந்தச் சொட்டுத் திரவமும் அப்படித்தான் நகர்கிறது என்று பாரனி சொன்னார். தலையை அசைக்காமலே, ஒரு சமயத்தில் ஒரு காதை மட்டும் தனியாகச் சோதிக்க வழி பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் எங்கே இருந்தார் தெரியுமா? முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவின் கைதி முகாமில்! ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்ட பிறகுதான் 1916இல் விடுதலை.

இன்னொன்றையும் கேளுங்கள். 1983இல் விண்வெளி ஆய்வுக்கூடத்தில், மேலும் கீழும் இல்லாத இடத்தில் இதே சோதனையைச் செய்தார்கள். எடையே இல்லாவிட்டால் சூடானது மேலேற முடியாது, ஆகவே கண் துடிக்கக் கூடாது. ஆனால் துடித்தது! பாரனி சொன்ன காரணம் உண்மைதான், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. காரணம் முழுதாகப் பிடிபடும்வரை சோதனை காத்திருக்கவில்லை. இன்றும் மருத்துவமனைகளில் 30 டிகிரி நீரும் 44 டிகிரி நீரும் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள். செத்துப்போன காதில் எதை ஊற்றினாலும் கண் அசையாது.

சரி, நம் வீடுகளுக்கு வருவோம். விடியற்காலையில் படுக்கையில் புரண்டதும் கூரை கிறுகிறுவென்று சுற்றுகிறது. கொடியில் துணி போட அண்ணாந்தால் சுற்றுகிறது. அரை நிமிஷம், ஒரு நிமிஷம், அப்புறம் அடங்கிவிடுகிறது. பித்தம் என்பார் ஒருவர், பிரஷர் என்பார் இன்னொருவர், கழுத்தெலும்புத் தேய்மானம் என்பார் மூன்றாமவர். எங்கள் பெரியம்மா கழுத்துப் பட்டையோடு எட்டு மாதம் கழித்தார், புரண்டு படுக்கவே பயந்து உட்கார்ந்தபடி தூங்கினார். அவருடைய நோய் என்ன தெரியுமா? இடம் மாறிய கல்!

ஆமாம், காதுக்குள் கல் இருக்கிறது, எல்லோருக்கும் இருக்கிறது. முட்டை ஓடும் கிளிஞ்சலும் எதனால் ஆனவையோ அதே கால்சியம் கார்பனேட்டுதான். மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு அளவுள்ள ஆயிரக்கணக்கான படிகங்கள், ஒரு பசைமெத்தையின்மேல் ஒட்டியிருக்கின்றன. லிஃப்ட் கிளம்புவதும் பஸ் பிரேக் போடுவதும் நமக்குத் தெரிவது அந்தக் கற்களின் பாரத்தால்தான். வயதாலோ தலையில் பட்ட அடியாலோ சில உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. அதன்பின் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் கல் உருளும், திரவம் நகரும், உலகம் சுற்றும்.

கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். ஒரு கட்டில் போதும்! உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பார்கள். லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் 1952இல் விவரித்த சோதனை இது. சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கண் சுழன்று துடிக்கத் தொடங்கும். எந்தக் காது, எந்தக் குழல் என்று அந்தத் துடிப்பின் திசையே காட்டிக்கொடுத்துவிடும்.

சிகிச்சை அதைவிட அதிசயம். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து மருத்துவர் ஜான் எப்லி நினைத்தது இதுதான்: கல் குழலுக்குள் உருண்டு விழுந்தது என்றால், உருட்டியே வெளியே எடுக்க முடியாதா? குழந்தைகள் கையில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துக் குண்டைக் குழியில் விழவைக்கும் விளையாட்டுப் பெட்டி இருக்கிறதே, அதே வித்தை! தலையை வரிசையாக நாலைந்து நிலைகளில் திருப்பினால் கல் குழலைச் சுற்றிப் பழைய அறைக்கே வந்து விழுந்துவிடும். கத்தியும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஐந்து நிமிஷம்! சக மருத்துவர்கள் நம்பவில்லை. பல ஆண்டுகள் கேலியையும் நிராகரிப்பையும் தாங்கினார். அவருடைய கட்டுரை அச்சேறியது 1992இல். இன்று உலகம் முழுக்க அவர் பெயரால் அந்த முறை நடக்கிறது, ஓரிரு முறையிலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. பெரியம்மாவுக்கும் அதைத்தான் செய்தார்கள், அன்று ராத்திரி படுத்துத் தூங்கினார். எட்டு மாதத்தை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. (வீடியோவைப் பார்த்து வீட்டில் தலையைத் திருப்பிவிடாதீர்கள். எந்தக் குழல் என்பதை முதலில் கண் சொல்லியாக வேண்டும்.)

எல்லாத் தலைச்சுற்றலும் கல் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மணிக்கணக்கில் விடாமல் சுற்றினால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். அதை எதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் தெரியுமா? மறுபடியும் கண்தான்! தலையை வெடுக்கென்று திருப்பும்போது கண் நிலைத்து நிற்கிறதா, துடிப்பு திசை மாறுகிறதா, ஒரு கண்ணை மூடித் திறந்தால் அது மேலும் கீழும் சரிகிறதா என்று மூன்றே கேள்வி. பழகிய மருத்துவர் கண்ணை வைத்து இதைப் பார்த்தபோது, முதல் இரண்டு நாளில் எம்.ஆர்.ஐ. படம் தவறவிட்ட பக்கவாதங்களும் பிடிபட்டன என்று 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சுற்றலோடு பேச்சு குழறினால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள்.

ஒரு காலத்தில் தலைச்சுற்றலுக்கு அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள், தெரியுமா? மூளையில் ரத்தம் ஏறிவிட்டது என்று நம்பினார்கள். பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த ப்ராஸ்பர் மெனியர்தான் 1861இல் எழுந்து நின்று, இது மூளையின் நோய் இல்லை, உள்காதின் நோய் என்றார். காது அடைப்பு, உள்ளே ஒரு இரைச்சல், கேட்பது மங்கல், கூடவே மணிக்கணக்கில் சுற்றல் என்று நான்கும் சேர்ந்து வந்துபோகும் அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். காதுத் திரவம் பொங்கிப் போகும் நோய் அது. உப்பு குறையவேண்டும் என்று ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் குறைக்கச் சொல்வார்கள்.

உள்காதில் ஒரு பக்கம் செத்தேபோனாலும் மூளை திரும்பக் கற்றுக்கொள்ளும்! இரண்டாம் உலகப் போரில் தலையில் அடிபட்ட வீரர்களுக்காக இங்கிலாந்து மருத்துவர்கள் காதார்னும் குக்ஸியும் பயிற்சிகள் வகுத்தார்கள். கண்ணை அசைப்பது, பந்தை எறிந்து பிடிப்பது, கண்ணை மூடிக்கொண்டு நடப்பது என்று எல்லாம் எளியவை. எது சுற்றலைத் தருகிறதோ அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவேண்டும். சுற்றலை அடக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை கற்பது தாமதமாகும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

தன் கண் உருளும் சத்தம் தனக்கே கேட்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? இருக்கிறார்கள்! மேல் அரைவட்டக் குழலின் கூரையெலும்பில் சின்ன ஓட்டை விழுந்துவிட்டால், உடம்பின் உள்ளே நடக்கும் ஒவ்வொரு சத்தமும் காதுக்கு வந்துவிடும். நடக்கும்போது குதிகால் இடிப்பது முழங்கும். இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) தட்டிக் கணுக்காலில் வைத்தால் காதில் கேட்கும்! உரத்த சத்தம் கேட்டால் உலகம் சாயும். பல காலம் இவர்களை மனநோயாளிகள் என்று எண்ணினார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவர் லாய்ட் மைனர் அந்த ஓட்டையைப் படமெடுத்துக் காட்டினார். ஓட்டையை அடைத்தால் பெரும்பாலும் குணம்.

இப்போது இன்னொரு சோதனை. வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். முனகிக்கொண்டே ஒரு காதை மட்டும் விரலால் அடையுங்கள். சத்தம் எந்தப் பக்கம் போயிற்று? அடைத்த காதுக்கு! அடைத்தால் குறையும் என்றுதானே நினைத்தீர்கள்? இதே தத்துவத்தில்தான் மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைக்கிறார். கேட்காத காதுப் பக்கமே சத்தம் போனால் குரும்பியோ சளியோ சவ்வோ வழியை அடைத்திருக்கிறது. நல்ல காதுப் பக்கம் போனால் உள்காதோ நரம்போ பழுது. இந்தக் கவை 1711இல் இங்கிலாந்து அரசவையின் ட்ரம்பெட் கலைஞர் ஜான் ஷோர் சுருதி சேர்க்கச் செய்தது. இசைக்காரர் கையிலிருந்து மருத்துவர் பைக்கு வந்த கருவி!

அந்த ஒரு தட்டு ஒரு காதையே காப்பாற்றும், எப்படித் தெரியுமா? காலையில் எழுந்திருக்கிறோம், ஒரு காது அடைத்ததுபோல இருக்கிறது. சளியாக இருக்கும், குரும்பியாக இருக்கும் என்று எண்ணெயைக் காய்ச்சி விடுகிறோம். ஒரு வாரம் போகிறது, பத்து நாள் போகிறது. அது உள்காதின் திடீர்ச் செவிடாக இருந்தால் அந்தப் பத்து நாள்தான் பொன்னான நாள்! ஸ்டீராய்டு சிகிச்சைக்குப் பலன் அதிகம் கிடைப்பது முதல் இரண்டு வாரத்தில்தான், அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. மாரடைப்புக்கு ஓடுவதுபோல இதற்கும் ஓடவேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்! ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள்.

'பேசுறது கேக்குது, என்ன பேசுறீங்கன்னுதான் புரியல.' வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது சலித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் சொல்வது அறிவியல்! வயதாகும்போது முதலில் போவது கீச்சுச் சத்தம். உயிரெழுத்துகள் கனமானவை, தங்கிவிடும். க், ச், ட், ப் போன்றவை மெல்லிய உரசலும் வெடிப்பும்தான், அவை கரைந்துபோகும். 'கத்தி எடு' என்றால் 'பத்தி எடு' என்று கேட்கும். கத்திப் பேசினாலும் தெளியாது. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் தெளியும். காதுக் கருவியும் இப்போது சத்தத்தை மொத்தமாகக் கூட்டுவதில்லை, போன சுருதிகளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறது. ட்ரான்சிஸ்டர் ரேடியோ 1954இல் கடைக்கு வருவதற்கு முன்பே ட்ரான்சிஸ்டர் போட்ட காதுக் கருவி விற்பனையில் இருந்தது, தெரியுமா?

காது கேட்கும் என்பது தெரியும். காது சத்தம் போடும் என்பது தெரியுமா? 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற ஆய்வாளர் காதுக்குள் ஒரு சின்ன மைக்கை வைத்து, 'டிக்' என்ற ஒலியை அனுப்பினார். சில மில்லிநொடி கழித்துக் காது பதிலுக்கு ஒலித்தது! உள்காதின் நத்தைச் சுருளில், விரித்தால் 35 மில்லிமீட்டரே வரும் அந்த நாடாவில், மூன்று வரிசையாக நிற்கும் சுமார் 12,000 மயிர்ச்செல்கள் வெறுமனே கேட்பதில்லை, ஒலிக்கு ஏற்பக் குதித்துக் குதித்து அதைப் பெருக்குகின்றன. இங்கிலாந்து ஆய்வாளர் ஜோனதன் ஆஷ்மோர் ஒற்றைச் செல்லுக்குப் பாட்டைச் செலுத்த, அது தாளத்துக்கு நீண்டும் சுருங்கியும் ஆடியதை நுண்ணோக்கியில் படமெடுத்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் எதிரொலிதான் கெம்ப் கேட்டது.

இதனால் என்ன ஆயிற்று என்றால், பிறந்து இரண்டே நாளான குழந்தை தூங்கும்போதே அதன் காதைப் பரிசோதிக்க முடிந்தது! கை தூக்க வேண்டாம், தலையாட்ட வேண்டாம். காதில் மிருதுவான ஒரு குமிழை வைத்தால் சில நிமிஷத்தில் காதே பதில் சொல்லிவிடும். பதில் வராவிட்டால் அடுத்தது 'பெரா' பரிசோதனை. தலையில் ஒட்டும் மின்முனைகள், ஒலி நரம்பின் வழியே மூளைத்தண்டுவரை போவதை வரைந்து காட்டும். ஆயிரம் குழந்தைகளில் குறைந்தது ஒன்றிரண்டு கேளாமல் பிறக்கின்றன. கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைபோலவே குரல் கொடுக்கும், சிரிக்கும். அதனால் தாய்க்கே தெரியாது. பேச்சு வராதபோது, 'எங்க மாமாவும் மூணு வயசுலதான் பேசினார்' என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். மூளை பேச்சைப் பிடிக்கும் காலம் அதற்குள் நழுவிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகம் ஒத்துக்கொண்ட கணக்கு. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கம் உள்ள நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுப் பிழை குழந்தையிடம் சேரும் வாய்ப்பு அங்கே கூடுகிறது.

பஸ்ஸில் நன்றாகக் கேட்கிறது, அமைதியான அறையில் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் பொய் என்று எண்ணாதீர்கள். காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு இறுகிப்போனவர்களுக்கு அப்படித்தான்! மூன்று மில்லிமீட்டர் உயரம், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. 1952இல் நியூயார்க் மருத்துவர் சாமுவேல் ரோசன் வேறொரு அறுவைக்கு முன்னேற்பாடாக அது இறுகியிருக்கிறதா என்று நெம்பிப் பார்த்தார். எலும்பு அசைந்துவிட்டது, விழித்திருந்த நோயாளி 'கேட்கிறது' என்று சொல்லிவிட்டார்! நாலு ஆண்டில் இன்னொரு மருத்துவர் ஜான் ஷே அந்த எலும்பையே எடுத்துவிட்டு, டெஃப்லானில் செய்த எலும்பை வைத்தார். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்.

மயிர்ச்செல்களே இல்லாதவர்களுக்கு? ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க்கின் அப்பா மருந்துக்கடைக்காரர், காது மந்தம். வாடிக்கையாளர்கள் உரக்கச் சொல்லித்தான் மருந்து வாங்கவேண்டும். அதைப் பார்த்து வளர்ந்த மகன், ஒலியை மின்சாரமாக்கி நேரே நரம்புக்குக் கொடுக்கும் கருவியில் இறங்கினார். நத்தைச் சுருளின் வளைவுக்குள் மின்கம்பியை நுழைப்பதுதான் பெரிய சிக்கல். 1977இல் கடற்கரையில் ஒரு சங்கை எடுத்தார், புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி இளகியும் அடி விறைத்தும் இருக்கும் புல் வழுக்கிக்கொண்டு வளைவு வளைவாக உள்ளே போயிற்று! 1978 ஆகஸ்டில் மெல்பர்னில் முதல் அறுவை. ஹார்மோனியக் கட்டைகள்போல அடியில் கீச்சு, நுனியில் கனம் என்று வரிசையாக நிற்கும் நரம்புகளை இன்று இருபது சொச்சம் மின்முனைகள் மீட்டுகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்தக் காக்ளியர் இம்ப்ளாண்ட் இலவசம். கருவியை இயக்கிவைத்த அன்றே குழந்தை பேசிவிடாது, அன்றுதான் அதன் காதுக்குப் பிறந்தநாள். அப்புறம் அம்மாவும் பயிற்சியாளரும் மாதக்கணக்காக ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் ஜன்னலோரம் வந்து உட்காரும் பறவைக்குக் காது கெட்டுப்போனால் என்ன ஆகும் தெரியுமா? திரும்ப முளைக்கும்! பறவைகளின் மயிர்ச்செல்கள் செத்தாலும் சில வாரங்களில் மறுபடி வளர்கின்றன என்று 1988இல் தெரிந்தது. மனிதக் காதில் போனது போனதுதான்.

ஆனால் செல் சாகாமல், சேதி மட்டும் போகாத ஒரு செவிடு உண்டு. மயிர்ச்செல் நன்றாக ஆடும், கெம்ப்பின் எதிரொலியும் வரும், நரம்புக்குக் கைமாற்றிவிடும் ஓட்டோஃபெர்லின் என்ற ஒரு புரதம்தான் இருக்காது. அந்த மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி அனுப்பலாம் என்றால் மரபணு பெரிது, வைரஸ் சிறிது. இரண்டாக வெட்டினார்கள், இரண்டு வைரஸில் ஏற்றினார்கள், செல்லுக்குள் போய் இரண்டு பாதியும் தாமாகவே ஒட்டிக்கொண்டன! ஷாங்காயில் ஆறு குழந்தைகளின் காதில் அதைச் செலுத்தினார்கள். 2024 ஜனவரியில் முடிவு வெளிவந்தது. ஐந்து குழந்தைகளுக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது.